மெக்வீனின் கோட்டுக்குள்ளே

குன்னூரில் பள்ளிக்கூட பிளேசர் தைக்கும் கடையில் வேலை பார்க்கும் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். லண்டன் ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் உண்மையிலேயே தையற்கடைப் பையனாகத்தான் தொடங்கினாரா? நாற்பது வயதில் எப்படி இறந்தார், ‘மேதைகளின் விதி அப்படித்தான்’ என்கிறார்களே, அது சரியா? அவர் கற்ற வேலையை இந்த மலையில் இருந்துகொண்டே கற்க முடியுமா, முடியுமென்றால் எதில் கை வைப்பது?

தொடங்கியது தையற்கடையில்தான். கல்லூரி பிறகு வந்தது, அதுவும் பக்கவாட்டுக் கதவு வழியாக.

லீ அலெக்சாண்டர் மெக்வீன் 1969 மார்ச் 17 அன்று லண்டனின் லூயிஷம் பகுதியில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா ரொனால்ட் டாக்ஸி ஓட்டியவர். அம்மா ஜாய்ஸுக்குக் குடும்ப வம்சாவளியைத் தோண்டித் துருவிப் பார்ப்பதில் ஆர்வம் அதிகம். அவர் காட்டிய ஸ்காட்லாந்து வேர்தான் பிற்காலத்தில் மகனின் கம்பளித் துணியில் கட்டங்களாக வந்தது. வளர்ந்தது கிழக்கு லண்டனில். 16 வயதில் பள்ளியை விட்டபோது ஓவியப் பாடத்தில் மட்டும் தேறியிருந்தார். ஆண்களுக்குக் கோட் தைக்கும் கடைகளுக்குப் பெயர் போன லண்டன் தெரு சாவில் ரோ. அங்கே தொழில் பழக ஆள் கிடைப்பதில்லை என்று தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. போய்க் கேட்டுப் பார் என்றவர் அம்மாதான்.

அவர் போய் நின்ற கடை ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட். தோளில் பஞ்சைக் குறைத்து, மார்பில் துணியைக் கொஞ்சம் தளர விட்டு, உடம்போடு இழைந்து விழும் மென்மையான கோட்டுக்குப் பெயர் போனது. கான் ஓ’காலகன் என்ற ஐரிஷ் உஸ்தாதின் பலகையில் சுமார் இரண்டு ஆண்டுகள் வேலை பழகினார். சாவில் ரோவில் வெட்டுபவர் வேறு, தைப்பவர் வேறு. கோட் தைப்பவர் பேன்ட் தொடமாட்டார். புதிதாக வரும் பையனுக்கு முதல் பல வாரங்கள் மெஷின் கிடையாது. கையில் ஊசியும், விரலில் ஊசி குத்தாமல் காக்கும் அங்குஸ்தானும்தான். காலருக்கும், அதிலிருந்து மார்பில் மடிந்து விழும் லேப்பலுக்கும் பேட் தையல் போட வேண்டும், பாக்கெட் மூடி தைக்க வேண்டும், நூலோட்டம் போட்டுப் பிரிக்க வேண்டும்.

இந்தப் பேட் தையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மெக்வீன் பிறகு செய்த அத்தனை துணிச்சலும் இதன் மேல்தான் நிற்கிறது. நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்குப் பதிலும் இங்கேதான் தொடங்குகிறது.

லேப்பலை மடித்து அழுத்தமாக இஸ்திரி போட்டால் அது சப்பையாகப் படுக்கும். நல்ல கோட்டில் லேப்பல் உருண்டு, மெத்தென்று திரும்பி விழும். அந்த உருட்டலைத் தருவது உள்ளே இருக்கும் முடி கேன்வாஸும் (முடி இழை கலந்து நெய்த விறைப்பான துணி) அதைத் துணியோடு பிடித்திருக்கும் தையலும். துணியின் உள்பக்கத்தில் கேன்வாஸை வைத்து, சாய்வான சிறு தையல்களை வரிசை வரிசையாகப் போட வேண்டும். ஊசி கேன்வாஸை முழுதாகத் துளைக்கும். துணியில் ஓரிரு இழையை மட்டும் கவ்வும். வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. வரிசைக்கு வரிசை இடைவெளி முக்கால் சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர். தையல் நீளமும் அதே. நுனியை நெருங்க நெருங்க இரண்டையும் அரை சென்டிமீட்டராகக் குறைக்க வேண்டும். ஒரு லேப்பலுக்குச் சில நூறு தையல் விழும். ஊசி குட்டையானதாக, 9 அல்லது 10ஆம் நம்பராக இருக்கட்டும். நீள ஊசி துணியை ஆழமாகக் குத்தும்.

சூட்சுமம் இடது கையில் இருக்கிறது. தைக்கும்போது லேப்பலை மேசையில் விரிக்கக் கூடாது. ஆள்காட்டி விரலின் மேல் வளைத்துப் பிடிக்க வேண்டும். கேன்வாஸ் மேலே, துணி விரலை ஒட்டி உள்ளே. வளைந்த நிலையிலேயே தைப்பதால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். தட்டையாக வைத்துத் தைத்த லேப்பலின் நுனி, கோட்டைப் போட்ட ஒரு மாதத்தில் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தையலை இறுக்கி இழுத்தால் வெளியே அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளங்கள் தெரியும். நூல் தளர்வாக, ஊசி மேலோட்டமாக இருக்க வேண்டும்.

மடிப்புக் கோட்டை ஒட்டி, உடல் பக்கமாக ஒரு சென்டிமீட்டர் உள்ளே, மெல்லிய பருத்தி நாடா வைக்கிறோம். அந்த நாடாவை மடிப்புக் கோட்டின் நீளத்தைவிட 6 முதல் 10 மில்லிமீட்டர் குறைவாக வெட்டி, குறைவை நடுப்பகுதியில் பகிர்ந்து தைக்க வேண்டும். இது இல்லாத கோட், குனியும்போது மார்பை விட்டு வாய் பிளந்து நிற்கும்.

கேன்வாஸை வாங்கியதும் அப்படியே வெட்டிவிடாதீர்கள். குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறப் போட்டு, பிழியாமல் தொங்கவிட்டுக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி. ஊறப் போடாத கேன்வாஸ் முதல் டிரை கிளீனிங்கில் சுருங்கும், மேல்துணி சுருங்காது. மார்பெல்லாம் கொப்புளம் கிளம்பும்.

மலைக்கே உரிய ஒரு சங்கதி இதில் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஈரத் துணியை மேலே போட்டுக் கம்பளியை இஸ்திரியால் வளைக்கும்போது, அந்த ஈரம் ஆவியாகும் வரை துணியின் சூடு அந்த அளவைத் தாண்டாது. ஆகவே கீழ்நாட்டில் கற்ற கணக்கைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் அழுத்த வேண்டும். வளைத்த பாகத்தை முழுதாக உலர விட்டுத்தான் அடுத்த வேலைக்கு எடுக்க வேண்டும். கோவையில் பத்து நிமிடத்தில் உலர்வது மழைக்காலக் குன்னூரில் இரவு முழுவதும் எடுக்கும். ஈரம் இருக்கும்போதே கோட்டைத் தொங்கவிட்டால், பாடுபட்டு ஏற்றிய வளைவு காலையில் இருக்காது.

உங்கள் கடையில் பள்ளி பிளேசருக்கு வைப்பது அநேகமாகப் பசை ஒட்டும் பியூசிங்காகத்தான் இருக்கும். அது மட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம். வளரும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு வந்தால் போதுமென்ற கோட்டுக்கு அதுதான் பொருந்தும். பொதுவாக 130 முதல் 150 டிகிரி சூட்டில் 12 முதல் 15 வினாடி, ஒரே சீரான அழுத்தம் தேவை. கை இஸ்திரியை இழுத்துக்கொண்டே போனால் ஓர் இடம் ஒட்டும், ஓர் இடம் ஒட்டாது. மழைக்காலம் தாண்டியதும் ஒட்டாத இடம் குமிழாகக் கிளம்பும். பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். சூடு ஆறும் வரை துண்டைக் கையில் எடுக்காதீர்கள். லேப்பலுக்கு மட்டும் கேன்வாஸும் கைத் தையலும், மற்ற முன்பகுதிக்குப் பியூசிங் என்று பாதிப் பாதி செய்வதும் நல்ல வழி. கூலி கூடும், ஆனால் பார்த்தவுடனே வித்தியாசம் தெரியும்.

மெக்வீனுக்குத் திரும்புகிறேன். அடுத்துப் போனது அதே தெருவில் ராணுவ உடுப்புகளுக்குப் பெயர் பெற்ற கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ். பிறகு நாடகங்களுக்கு உடை தைக்கும் ஏஞ்சல்ஸ் அண்ட் பெர்மன்ஸ். அங்கே பழங்கால வெட்டு முறைகள் கைக்கு வந்தன: இடுப்பை இறுக்கி வால் விடும் கோட், முதுகில் சந்திக்கும் வளைந்த தையல், உயர்ந்த காலர். பிறகு லண்டனில் கோஜி தத்சுனோவிடமும், மிலானில் ரோமியோ ஜிலியிடமும் சிறிது காலம். இப்படி நான்கைந்து கடை ஏறி இறங்கித்தான் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரிக்கு வந்தார். வந்தது மாணவனாகச் சேர அல்ல, பேட்டர்ன் வெட்டக் கற்றுத்தரும் வேலை கேட்டு. துறைத் தலைவி பாபி ஹில்சன் வேலை தரவில்லை; முதுகலை வகுப்பில் இடம் தந்தார். கட்டணத்துக்கு அத்தை ஒருவர் கடன் கொடுத்தார்.

1992இல் படிப்பு முடிந்து காட்டிய ஆடைகளை, பத்திரிகை உலகில் செல்வாக்குள்ள இசபெல்லா ப்ளோ பார்த்தார். மொத்தத்தையும் 5,000 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டு பணத்தைத் தவணை தவணையாகக் கொடுத்தார். அதன்பின் 15 ஆண்டுகள் மெக்வீனுக்குத் தோழியும் தூதுவரும் இவர்தான்.

இளவரசர் சார்லஸின் கோட் உள்துணிக்குள் மெக்வீன் ஏதோ கெட்ட வார்த்தை எழுதி வைத்தார் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவரே சொல்லிப் பரப்பியது. கடைக்காரர்கள் கோட்டுகளை வரவழைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்பதுதான் வெளிவந்த செய்தி. கதையை விட்டுவிடலாம்.

அவர் பெயரை ஊரறியச் செய்தது ‘பம்ஸ்டர்’ என்ற பேன்ட். தொண்ணூறுகளின் முற்பகுதியில் வந்தது. இடுப்புக் கோட்டை முதுகுத்தண்டின் அடி தெரியுமளவுக்கு இறக்கினார். அதிர்ச்சிக்காகச் செய்தது என்று அன்று எழுதினார்கள். உடம்பின் மேல்பகுதியை நீளமாகக் காட்டுவதே தன் நோக்கம் என்றார் அவர். வெட்டைப் பார்த்தால் அவர் சொன்னதை நம்பலாம். 2000களில் உலகம் முழுக்க, ஊட்டி கமர்ஷியல் ரோடு வரை, வந்து சேர்ந்த லோ ஹிப் ஜீன்ஸுக்கு இது ஒரு முன்னோடி.

இதில் தையற்காரர் கற்க வேண்டியது, இறக்கிய பேன்ட் எப்படி நிற்கிறது என்பது. இயல்பான பேன்ட் இடுப்பின் ஒடுங்கிய இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். இறக்கியதும் அந்தப் பிடிமானம் போய்விடுகிறது. அகன்ற இடுப்பெலும்பைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நேரான பெல்ட் பட்டியை அங்கே வைத்தால் பின்பக்கம் வாய் பிளக்கும். முதலில் சாதாரண பேட்டர்னை வரைந்து, முன்பக்கம் 7 சென்டிமீட்டர், பின்பக்கம் 6 சென்டிமீட்டர் இறக்கிப் புதுக் கோடு போடுங்கள். உட்காரும்போது முதுகுப் பக்கம் துணி கேட்கும், அதனால்தான் பின்னால் ஒரு சென்டிமீட்டர் விட்டு வைப்பது. மெக்வீன் அதைத் தலைகீழாக்கிப் பின்பக்கத்தை அதிகம் இறக்கினார். மேடைக்குச் சரி, பேருந்தில் உட்காருபவருக்குச் சரிவராது. புதுக் கோட்டுக்குக் கீழே மிஞ்சிய டார்ட்டை (இடுப்பை ஒடுக்கப் பிடிக்கும் ஆப்பு வடிவ மடிப்பை) காகிதத்திலேயே மூடி, அந்த வளைவை அப்படியே பட்டியின் வடிவமாக எடுங்கள். பட்டி நேர்க் கீற்றாக இல்லாமல் பிறை போல வரும். மேல் விளிம்பில் இழுபடாத நாடா வைத்துத் தையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முறை போட்டதும் துணி நீண்டு பேன்ட் இறங்கும். டிரையலில் ஆளை உட்காரச் சொல்லிப் பாருங்கள். பின்னால் விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால் நடுத் தையலின் மேல்முனையில் பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் பிடித்து, கீழே வரும்போது ஒன்றுமில்லாமல் இழைத்துவிடுங்கள்.

1996 அக்டோபரில், 27 வயதில், பாரிஸின் ஜிவான்ஷி நிறுவனத்துக்குத் தலைமை வடிவமைப்பாளரானார். 1997 ஜனவரியில் வெள்ளையும் பொன்னுமாகக் காட்டிய முதல் தொகுப்பைப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. ஆண்டுக்கு நான்கு தொகுப்பு அங்கே, தன் பெயரில் இரண்டு லண்டனில். ஐந்தாண்டு அப்படி ஓடினார். 2000 டிசம்பரில் கூச்சி (Gucci) குழுமம் அவருடைய சொந்த நிறுவனத்தின் 51 சதவீதத்தை வாங்கியது. 2001இல் ஜிவான்ஷியை விட்டார். பிரிட்டனின் ஆண்டுச் சிறந்த வடிவமைப்பாளர் விருது 1996, 1997, 2001, 2003 என நான்கு முறை கிடைத்தது.

மேடைக் காட்சிகள் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். 1998 செப்டம்பரில், சுழலும் மேடையில் நின்ற பெண்ணின் வெள்ளை உடையில் இரண்டு தொழிற்சாலை ரோபோக்கள் கறுப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் பீய்ச்சின. அதே காட்சியில், இரு கால்களையும் குழந்தையிலேயே இழந்த ஓட்டக்காரர் ஏமி மல்லின்ஸ், ஆஷ் மரத்தில் செதுக்கிய செயற்கைக் கால்களோடு நடந்தார். பார்த்தவர்களில் பலர் அவற்றைப் பூட்ஸ் என்றே நினைத்தார்கள். 2009 அக்டோபர் 6 அன்று பாரிஸில் காட்டிய ‘பிளேட்டோவின் அட்லாண்டிஸ்’ தொகுப்பு இணையத்தில் நேரலையாக ஓடியது. அந்தக் காட்சிதான் அவர் உயிரோடிருந்து முடித்த கடைசி பெண்கள் தொகுப்பு.

எனக்கு அவருடைய வேலைகளில் மிகவும் பிடித்தது 2003 வசந்தத் தொகுப்பில் வந்த சிப்பி உடை. கப்பல் கவிழ்ந்து நனைந்த பெண்ணின் உடை போல, இடுப்புக்குக் கீழே ஆர்கன்சா என்ற மெல்லிய, விறைப்பான துணியின் அடுக்குகள் சிப்பியின் ஓடு மாதிரி நூற்றுக்கணக்கில் அலையடிக்கும். அத்தனை அலையும் சுருக்கு இழுக்காமல் வந்தது. வட்டமாக வெட்டிய துணியின் உள்வட்டத்தை நேராக இழுத்துத் தைத்தால் வெளிவட்டம் தானாக அலைபாயும், அவ்வளவுதான் அடிப்படை. கணக்கு இப்படி: உள்ஆரம் 4 சென்டிமீட்டர் என்றால் உள்விளிம்பு சுமார் 25 சென்டிமீட்டர். அலையின் அகலம் 10 வேண்டுமென்றால் வெளிஆரம் 14, வெளிவிளிம்பு சுமார் 88. அதாவது 25 தையலில் 88 அலை. பாவாடையில் மொத்தம் 10 மீட்டர் வரிசை போட 40 வட்டம் வேண்டும். 44 அங்குல ஆர்கன்சாவில் ஒரு வரிசைக்கு மூன்று வட்டம் நிம்மதியாக அமரும். இடைவெளி சேர்த்து நாலேகால் மீட்டர் எடுங்கள். உள்விளிம்பில் 3 மில்லிமீட்டருக்கு ஒரு சிறு வெட்டு கொடுக்காவிட்டால் வட்டம் நேராக விரியாது. அந்த வெட்டு தையல் கோட்டைத் தொட்டால் பிசிறி ஓட்டையாகும், ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்துங்கள். வெளிவிளிம்பைப் பிக்கோ அடிக்கலாம். ஆனால் வட்டத்தின் கிராஸ் (இழைக்குச் சாய்வாக வெட்டுப்பட்ட பகுதி) வரும் இடங்களில் மெஷின் துணியை இழுத்து நீட்டிவிடும். ஒரு நாள் தொங்கவிட்டு, நீண்டதை வெட்டிச் சமன்செய்த பிறகே விளிம்பு அடிக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி.

2007 மே மாதம் இசபெல்லா ப்ளோ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆண்டு அக்டோபரில் காட்டிய தொகுப்பை மெக்வீன் அவருக்குச் சமர்ப்பித்தார். 2010 பிப்ரவரி 2 அன்று அம்மா ஜாய்ஸ் இறந்தார். பிப்ரவரி 11 அன்று, அம்மாவின் இறுதிச் சடங்குக்கு முதல் நாள், லண்டன் வீட்டில் மெக்வீன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 40. மரண விசாரணையில் அவருடைய மனநல மருத்துவர் சாட்சி சொன்னார்: பதற்றமும் மனச்சோர்வும் கலந்த நோய் அவருக்கு இருந்தது, வேலையின் அழுத்தம் இருந்தது, தாயின் இழப்பு பெரிதாக இருந்தது. அஸ்தியை ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், கில்முயரில் சேர்த்தார்கள்.

இதில் விதி எங்கே இருக்கிறது? பெயரும் மருத்துவமும் உள்ள ஒரு நோய், அதன் மேல் மூன்றாண்டுக்குள் இரண்டு பெரிய சாவு, ஓயாத வேலை. மேதைமை கேட்கும் விலை இது என்று சொல்பவர்கள் அவர் வேலையையும் புரிந்துகொள்ளவில்லை, நோயையும் புரிந்துகொள்ளவில்லை. ஜிவான்ஷி நிறுவனத்தைத் தொடங்கிய ஹூபர்ட் டி ஜிவான்ஷி 91 வயது வரை இருந்தார். பலென்சியாகா 77. ஷனேல் 87. விவியன் வெஸ்ட்வுட் 81. பியர் கார்டின் 98. இவர்களில் யாருடைய கத்தரி மழுங்கியது? இருளைப் பார்க்கும் கண்ணும் நோயும் ஒருவரிடமே இருந்தன என்பதால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்றாகிவிடாது. நோய் அவர் கையைத் தடுத்தது. தையலைக் கற்றுக்கொடுத்தது ஓ’காலகனின் பலகை.

சீசன் நேரத்தில் இரவும் பகலும் தைத்து, கடன் கணக்கையும் தலையில் சுமப்பவர்களுக்கும் இதே பாரம் வரும். தூக்கம் போய், உயிர் வேண்டாமென்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கோ 104க்கோ அழைக்கலாம். இரண்டிலும் தமிழில் பேசலாம். கூட வேலை பார்ப்பவர் அப்படிப் பேசினால் நேரடியாகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள்.

அவர் விட்டுப்போன தொகுப்பில் 16 உடைகள் வெட்டி, பெரும்பாலும் தைத்து முடிந்திருந்தன. உடனிருந்த சாரா பர்ட்டனும் குழுவினரும் அவற்றை முடித்து, 2010 மார்ச்சில் பாரிஸில் சிறு குழுக்களுக்குக் காட்டினார்கள். 2011இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் நடத்திய ‘சாவேஜ் பியூட்டி’ கண்காட்சியை 6,61,509 பேர் பார்த்தார்கள். 2015இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 4,93,043 பேர். கடைசி நாட்களில் இரவு முழுக்கத் திறந்து வைத்தார்கள். 2011 ஏப்ரலில் கேட் மிடில்டன் அணிந்த திருமண உடையும் சாரா பர்ட்டன் மெக்வீன் நிறுவனத்தில் செய்ததுதான். பின்னால் 58 பொத்தான்கள். லேஸ் பூக்களைக் கையால் பதித்தவர்கள் அரை மணிக்கு ஒருமுறை கை கழுவினார்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியை மாற்றினார்கள். வெள்ளைத் துணி தைக்கும் எந்தக் கடையிலும் இன்றைக்கே பின்பற்றக்கூடிய வழக்கம் இது. ஊசி மழுங்குவது கண்ணுக்குத் தெரியாது. அது இழையை விலக்காமல் அறுக்கத் தொடங்கும்.

மலையில் கற்க முடியுமா என்றால், கோட்டின் மதிப்பு தெரிந்த ஊர் தமிழ்நாட்டில் இதைவிட வேறு கிடையாது. வெள்ளை வேட்டிக்கு மேல் கோட்டும் தலைப்பாகையுமாக நடக்கும், நீலகிரியின் படகர் சமூகப் பெரியவர்களைப் பாருங்கள். பல ஆண்டு உழைத்த அந்தக் கோட்டுகளில் லேப்பல் எப்படி விழுகிறது, முழங்கை எங்கே தேய்ந்திருக்கிறது, உள்துணி எங்கே கிழிகிறது என்று பார்த்தாலே பாதிப் பாடம். ஆல்டர் வேலைக்கு வரும் பழைய கோட் கிடைத்தால் அனுமதி கேட்டு உள்துணியின் அடி ஓரத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். கேன்வாஸ் இருந்தால் வெளித்துணியும் அதுவும் தனித்தனியாக நழுவும். பியூசிங் என்றால் விறைப்பாக ஒன்றாக ஒட்டியிருக்கும்.

இழை எண்ணும் கண்ணுக்கு ஆசிரியர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தோடர் பெண்கள் பூத்துக்குளிப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாக வேலை செய்யும்போது கோடு போடுவதில்லை, அச்சு வைப்பதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியின் பின்பக்கத்திலிருந்து, இழையை எண்ணி எண்ணி ஊசி போடுகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. அதன் வடிவத்தை மெஷினில் அடித்து அதே பெயரில் விற்காதீர்கள், சட்டப்படி தவறு. எண்ணும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட துணியில் பாக்கெட்டும் உடலும் ஒரே கோட்டில் சேர அதுதான் உதவும். கட்டத் துணிக்கு வழக்கமான இரண்டேகால் மீட்டரோடு இன்னும் 25, 30 சென்டிமீட்டர் சேர்த்து வாங்குங்கள். கட்டம் பெரிதானால் அரை மீட்டர்.

பூஞ்சையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முடி கேன்வாஸையும் கம்பளியையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஜூனிலிருந்து நவம்பர் வரை உள்ளே வியர்த்துப் பூக்கும். பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் நிழலில் காற்றாட விடுங்கள். முடித்த கோட்டை டெலிவரிக்கு முதல் நாள் உள்பக்கம் திருப்பி முகர்ந்து பாருங்கள்; கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரியும்.

முதல் பயிற்சிக்குக் கோட் வேண்டாம். 20 சென்டிமீட்டர் சதுரத்தில் கம்பளிக் கலப்புத் துணி ஒன்று, அதே அளவில் ஊறவைத்துக் காய்ந்த கேன்வாஸ் ஒன்று, துணி நிறத்திலேயே நூல். சாக்பீஸால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. விரலில் வளைத்துப் பிடித்து முதல் கோட்டில் மேலிருந்து கீழே, அடுத்ததில் கீழிருந்து மேலே என்று துண்டைத் திருப்பாமல் தையுங்கள். சாய்வு ஒன்றுவிட்டு ஒன்று மாறி மீன்முள் போல வரும். வரிசைக்கு இருபது தையல். முடிந்ததும் சுருட்டிய துண்டின் மேல் ஈரத் துணி போட்டு ஆவி காட்டி, சுருட்டியபடியே ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் துண்டை மேசையில் வையுங்கள். தானாக வளைந்து நின்றால், வெளிப்பக்கத்தில் ஒரு புள்ளியும் தெரியாவிட்டால், லேப்பலுக்குப் போகலாம். படுத்துவிட்டால் விரல் தளர்ந்திருக்கிறது. பள்ளம் தெரிந்தால் நூல் இறுகியிருக்கிறது. அடுத்த துண்டை வெட்டுங்கள்.